துயரிற் பிறக்கும் பாட்டு



பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மவர்க்கென்று ஒரு துன்பம் உண்டு. ஊரில் நெருங்கியவர் ஒருவர் மறைந்தால் செய்தி நொடிப்பொழுதில் வந்துவிடுகிறது; நாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. என் தாயார் மறைந்தபோது எனக்கும் அவ்வாறே நேர்ந்தது. தில்லியிலிருந்து நான் சென்றடைந்த வேளையில் வாசலில் நீர் தெளித்துக் கழுவியிருந்தார்கள். ஒப்பாரி சொன்ன பெண்டிர் தத்தம் இல்லம் திரும்பியிருந்தனர்.

நாள்தோறும் பிறர் எழுதியதை மொழிபெயர்ப்பதே என் தொழில். என் துயரைச் சொல்ல ஒரு பாட்டேனும் எழுதுவோம் என்று அன்றிரவு அமர்ந்தேன். முதலடியே இறைவனைக் குற்றம் சாட்டுவதாக வந்தது. அஞ்சி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அச்சம் தேவையற்றது என்பதைப் பின்னாளில் எனக்கு உணர்த்தியவர் வங்கத்துக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர்.

மரணம் தாகூரின் இல்லத்துக்குப் பன்முறை வந்தது. 1884-ஆம் ஆண்டில், அவருக்கு வயது 22 ஆனபோது, அவர்தம் இளமைக் கவிதைகளுக்கு முதல் இரசிகையாக விளங்கிய அண்ணியார் காதம்பரி தேவி மறைந்தார். 1902-இல் மனைவி மிருணாளினி தேவியும், 1903-இல் மகள் ரேணுகாவும், 1905-இல் தந்தையார் தேவேந்திரநாதரும் காலமாயினர். 1907-இல் இளைய மகன் சமீந்திரநாதன் முங்கேர் நகரில் வாந்திபேதி கண்டு இறந்தான். அவனுக்குப் பதினொரு வயதுகூட நிறையவில்லை.

இவற்றுள் இரண்டு மரணங்களைப் பற்றித் தாகூர் பிற்காலத்தில் எழுதியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1912-இல் வெளிவந்த ‘ஜீவன்ஸ்மிருதி’ என்னும் தம் வாழ்க்கை நினைவுகளில், இளமையில் வந்த அந்த முதற்பெருந்துயரை விவரிக்கிறார். மரங்கள் நின்றன, கதிரவனும் திங்களும் முன்போலவே தோன்றின, அவற்றினும் மெய்யாக இருந்த ஓர் உயிர் மட்டும் கனவுபோல் மறைந்துவிட்டது. இருப்பதையும் இல்லாததையும் எங்ஙனம் பொருத்துவது? இதுவே அவரைத் துளைத்த வினா. பின்னர் மனம் சிறிது சிறிதாக இலேசானதையும் அந்நூலிலேயே கூறுகிறார்.

மற்றொன்று, 1932-இல் மகள் மீரா தம் ஒரே மகனை இழந்தபோது அவருக்கு எழுதிய கடிதம். சமீந்திரன் இறந்த மறுநாளிரவு இரயிலில் திரும்பியதை அதில் நினைவுகூர்கிறார். வானம் நிலவொளியில் மிதந்தது. எங்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே எல்லாம் முழுமைக்குள்ளேயே இருக்கின்றன, தாமும் அதற்குள்ளேயே இருக்கிறோம் என்று தம் மனம் தேறியதாக எழுதுகிறார்.

காட்சி ஒன்றே என்பதைக் கவனியுங்கள். மாறாத வானம் முதலில் கொடுமையாகத் தோன்றியது. 23 ஆண்டுகளுக்குப் பின் அதே மாறாத வானம் ஊன்றுகோல் ஆயிற்று. கேள்வியை மறைத்து வைத்தவர்க்கு இம்மாற்றம் கிட்டுவதில்லை. அதனோடு நெடுநாள் வாழ்ந்தவர்க்கே கிட்டுகிறது.

தாகூரின் பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவை ‘கீதவிதான்’ என்னும் தொகுதியில் பொருள்வாரியாக வகுக்கப்பட்டுள்ளன. அதில் ‘பூஜை’ என்னும் பெரும்பிரிவின் உட்பிரிவுகளுள் ஒன்றன் பெயர் ‘துக்கம்’. துக்கத்தைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தாமல் வழிபாட்டின் உள்ளேயே அமர்த்தியிருப்பது சிந்தித்தற்குரியது. ‘நீ ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்பவன் ‘நீ’ என்ற ஒருவரை இன்னும் எதிரே நிறுத்தியிருக்கிறான் அன்றோ? உறவு அறுந்துபோனவன் வழக்காடுவதில்லை.

நம் தமிழுக்கும் இது புதிதன்று. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கக் கண்டு, இவ்வாறு உலகைப் படைத்தவனைப் பண்பற்றவன் என்றே பழிக்கிறார். பழித்த வாயாலேயே, உலகின் இயல்பை உணர்ந்தோர் அதில் இனியவற்றைக் காண்க என்றும் கூறி முடிக்கிறார். அப்பழிப்பைச் சான்றோர் நீக்கவில்லை. தொகையில் சேர்த்துக் காத்தனர்.

இனி, துயரைப் பாட்டாக்குவது எங்ஙனம்? முதலாவது, யாரை நோக்கிப் பாடுகிறோம் என்பதைத் தெளிதல் வேண்டும். மறைந்தவரையா, இறைவனையா, தன் நெஞ்சையா? இரண்டாவது, துயரம், வேதனை என்னும் பொதுச்சொற்களைக் குறைத்து, நன்கணியாரின் இரு பறைகளைப்போல் கண்டதையும் கேட்டதையும் வைத்தல் வேண்டும். எனக்கு அது கழுவிய வாசல்.

மூன்றாவது, பாட்டின் அமைப்பு. தாகூரின் பாடல்கள் பல துருபத முறையைத் தழுவி ஸ்தாயி, அந்தரா, சஞ்சாரி, ஆபோகம் என நான்கு உறுப்புகளாக அமைந்தவை. இடையிடையே ஸ்தாயி மீண்டும் வரும். நம் கீர்த்தனைகளில் பல்லவி வருவதுபோல. கேள்வியைப் பல்லவியில் வைத்தால் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் அது திரும்பி வரும். சொல் மாறாது, ஆனால் நடுவே நாம் சொன்னவற்றால் அதன் பொருள் மாறிக்கொண்டே வரும். துயரமும் இவ்வாறுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆதலின் கடைசிச் சரணத்தில் அவசரப்பட்டு ஆறுதலை ஒட்டவைத்தல் ஆகாது. விடை வராவிடில், பல்லவியோடு நிறுத்திவிடுவதே நேர்மை.

அன்று கீழே வைத்த எழுதுகோலைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தேன். முதலடியை மாற்றவில்லை. அப்பாட்டு அச்சேறும் தகுதியுடையதன்று. ஆயினும் தாயாரின் திதியன்று தில்லியில் என் வீட்டில் விளக்கேற்றி அதைப் பாடுகிறேன். குற்றச்சாட்டும் விளக்கும் ஒரே மாடத்தின் முன் இருக்கின்றன.