ஒலிபெருக்கிப் பெட்டிக்கு இரண்டு வாசல்கள்

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் பொங்கல் விழாவில் ஒலிபெருக்கிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அறிவியல் முதுகலை படிக்கிறவன் என்று நம்பிக் கொடுத்தார்கள். அந்தச் செருக்கில் நானும் ஏற்றுக்கொண்டேன். அன்று நான் செய்த இரண்டு தவறுகளை இங்கே மறைக்காமல் எழுதப்போகிறேன். இனி இந்தப் பொறுப்பை ஏற்கும் தம்பி தங்கையர் அவற்றைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

மேடையின் இருபுறமும் இரண்டு பெட்டிகள். திடலின் பின்புறம் இரண்டு பெட்டிகள். முன்னிரண்டுக்கு அரங்கிலிருந்தும், பின்னிரண்டுக்கு வேறொரு கட்டடத்திலிருந்தும் மின்சாரம் எடுத்தோம். இணைத்ததும் “ங்ம்…” என்று ஓயாத இரைச்சல். ஒரு பெட்டியின் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன், இரைச்சல் குறைந்தது. நான்கிலும் கழற்றினேன், அறவே நின்றது. நண்பர்கள் கைதட்டினார்கள். இது முதல் தவறு.

தீவு மழைக்குத் தை மாதம் என்று தெரியுமா என்ன? மாலையில் தூறல் விழுந்தது. பெட்டிகளைப் பிளாஸ்டிக் தாளால் முன்புறம் மட்டும் திறந்திருக்க இறுகச் சுற்றிக் கட்டினோம். இது இரண்டாம் தவறு.

அரை மணி நேரத்தில் ஒரு பெட்டி ஊமையாயிற்று. அதை நான் தடவிக் கொண்டிருந்தபோது, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று பாடிய முதலாண்டு மாணவன் “ஆ!” என்று மைக்கைக் கீழே போட்டுவிட்டான். “அண்ணா, சுருக்கென்று இழுக்கிறது” என்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

பெருக்கி பெட்டிக்குள் புகுந்த கதை

புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் என் மாமா ஒருவர் மைக் செட் வைத்திருந்தார். அவரிடம் பெருக்கி தனி, குழாய் தனி. பெருக்கி அவர் பக்கத்தில் மேசைமேல் காற்றாட இருக்கும். வேப்பமரத்தில் கட்டிய குழாய்க்குப் போவது ஒலிக்கான மின்குறி மட்டுமே; வீட்டு மின்சாரம் அங்கே போகாது.

இன்று நாம் வாடகைக்கு எடுக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் அப்படியன்று. பெருக்கி பெட்டியின் முதுகிலேயே அமர்ந்திருக்கிறது. இந்த எண்ணம் புதியதும் அன்று. அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெல்லாக் என்னும் பொறியாளர் இருவர் இயங்குசுருள் ஒலிபெருக்கியை 1925-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு அது ரேடியோலா 104 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது பெருக்கியும் அதே பேழைக்குள் இருந்தது.

இதனால் வசதி பெரிது; பொறுப்பும் பெரிது. ஒலிபெருக்கி நிற்கும் இடமெல்லாம் 230 வோல்ட் மின்சாரமும் போய் நிற்கிறது. பெருக்கியின் சூடும் அங்கேயே பிறக்கிறது. ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல்கள் திறந்திருக்க வேண்டும். ஒன்று, தவறிப்போன மின்னோட்டம் வெளியேறும் வாசல், அது எர்த். மற்றொன்று, சூடு வெளியேறும் வாசல், அது காற்று. நான் ஒரே மாலையில் இரண்டையும் அடைத்துவிட்டேன்!

முதல் வாசல்: எர்த்

பெட்டிக்குள் மின்வழங்கும் பகுதியின் நுழைவாயிலில், மின்வழி இரைச்சலை வடிகட்டச் சிறிய மின்தேக்கிகள் வைப்பது வழக்கம். ஒன்று பேஸ் கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையிலும், இன்னொன்று நியூட்ரலுக்கும் உடலுக்கும் இடையிலும் இருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த்தைக் கழற்றினாலோ, சமமான இரு மின்தேக்கிகளின் நடுவே அகப்பட்ட உலோக உடல் 230-இல் பாதியாகிய 115 வோல்ட் அளவுக்கு உயரும். அந்த உடலோடு மைக் கம்பியின் மேலுறை இணைந்திருக்கிறது. மேலுறையோடு மைக்கின் உடல் இணைந்திருக்கிறது. எங்கள் மிக்சருக்கோ இரண்டு முனை அடாப்டர். அங்கும் எர்த் இல்லை. எனவே நான்கு பெட்டிகளின் கசிவும் ஒன்றுகூடி, ஈரத்தில் நின்ற அந்தத் தம்பியின் கை வழியே மண்ணைத் தேடியது.

ஒரு பெட்டியின் கசிவு ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு பகுதியே, சுருக்கென்றதோடு போயிற்று. ஆனால் உள்ளே ஒரு பேஸ் கம்பி அறுந்து உலோக உடலைத் தொட்டிருந்தால்? நனைந்த தோலுடைய மனித உடலின் தடையை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க இதைவிட மிகக் குறைவானதே போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது. 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் விழிக்கும் காவலாளிக்கு 230 மில்லி ஆம்பியர் எப்படித் தெரியும்? எர்த் இருந்தால், உடலைத் தொட்ட பேஸ் கம்பியிலிருந்து பெருமின்னோட்டம் மண்ணுக்குப் பாயும், எம்.சி.பி. உடனே விழும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 1972 மே மாதம் பிரிட்டனின் சுவான்சி நகரில், ‘ஸ்டோன் தி க்ரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கை மேடையில் தொட்டு உயிரிழந்தார்.

அப்படியானால் இரைச்சலுக்கு என்ன வழி? இரைச்சலின் காரணம், இரு வேறு இடத்து எர்த்களும் மைக் கம்பியின் மேலுறையும் சேர்ந்து ஒரு வளையமாவது. எல்லாப் பெட்டிகளுக்கும் மிக்சருக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே தீர்க்கும். தீராவிட்டால், மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கம்பிகளையும், ஒலிக்குறிக்கான தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மரையும் பயன்படுத்துங்கள். வளையத்தை ஒலிக்கம்பியில் உடைக்கலாம். மின்கம்பியில் ஒருபோதும் உடைக்கலாகாது.

அத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பலகையில் இருக்கட்டும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் அது நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பை அறுக்கும். எர்த்துக்கு அது துணையே தவிர மாற்று அன்று.

கம்பியும் ஜெனரேட்டரும்

நம் தீவுகளுக்கு இந்திய நிலப்பரப்பின் மின்தொடரோடு இணைப்பு இல்லை. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசலிலிருந்து வருகிறது. அழுத்தம் ஏறி இறங்குவதும், விழா நாளில் ஜெனரேட்டரைத் தேடுவதும் நமக்குப் பழக்கம். எனவே இரண்டு கணக்குகளை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது கம்பிக் கணக்கு. 1.5 சதுர மில்லி மீட்டர் செப்புக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு 12 ஓம் தடையுடையது. 50 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் 1.2 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 12 வோல்ட் வழியிலேயே தொலையும். 120 வாட் கம்பியிலேயே சூடாகும். நீட்டி விரித்த கம்பிக்கு இது பெரிதன்று. உருளையில் சுற்றியபடியே விட்டாலோ அந்தச் சூடெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து உறையை உருக்கிவிடும். கம்பியை முழுவதும் அவிழ்த்து விடுக; 2.5 சதுர மில்லி மீட்டர் கம்பி என்றால் இழப்பு 7 வோல்ட் அளவே.

இரண்டாவது நியூட்ரல் கணக்கு. மூன்று பேஸ் ஜெனரேட்டரில் இரு பேஸ்களுக்கிடையே 400 வோல்ட் உண்டு. நியூட்ரல் கம்பி கழன்றால், ஒரு பேஸில் உள்ள விளக்குகளும் மற்றொரு பேஸில் உள்ள ஒலிபெருக்கிகளும் தொடராக அந்த 400-ஐப் பங்கிட்டுக்கொள்ளும். விளக்குகள் மூன்று பங்கும் ஒலிபெருக்கிகள் ஒரு பங்கும் மின்சாரம் இழுப்பவை என்றால், குறைவாக இழுக்கும் ஒலிபெருக்கிகள்மேல் 300 வோல்ட் விழும்; புகைதான் மிச்சம். ஆகையால் ஜெனரேட்டர் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யட்டும். பெட்டிகளை இணைக்குமுன் மல்டிமீட்டரால் அழுத்தத்தை அளந்து பார்ப்பது நம் கடமை.

இரண்டாம் வாசல்: காற்று

ஒலிபெருக்கி ஒலியை உண்டாக்குவதைவிடச் சூட்டைத்தான் மிகுதியாக உண்டாக்குகிறது என்றால் வியப்பீர்கள். குழாய் வகை நீங்கலாக, பெரும்பாலானவை பெறும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கும் ஒலியாவதில்லை. எஞ்சியது குரல் சுருளில் வெப்பமாகிறது. பெருக்கி தன் பங்குக்கும் சூடேறுகிறது. பழைய ஏ-பி வகையில் மிகுதி, புதிய டி வகையில் குறைவு.

செம்பு ஒவ்வொரு பாகைச் சூட்டுக்கும் நூற்றுக்கு 0.39 பங்கு தடை ஏறும். சுருள் 100 பாகை சூடேறினால் தடை 39 பங்கு கூடும். அதே அழுத்தத்தில் ஆற்றல் ஏறக்குறைய 72 பங்காகக் குறையும். விழா நடுவில் “சத்தம் போதவில்லை, ஏற்று” என்று நாம் பொத்தானைத் திருகுகிறோமே, அப்போது சூட்டின்மேல் சூட்டை ஏற்றுகிறோம். இறுதியில் காப்புச் சுற்று பெட்டியை நிறுத்திவிடும். எங்கள் பெட்டி ஊமையானது அதனால்தான். அது பழுதன்று, தற்காப்பு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கவேண்டும். “ஈரக்காற்றில் பெட்டி ஆறாது” என்கிறார்கள். ஈரக்காற்றில் ஆறாதது நம் வியர்வை. பெட்டியின் அலுமினியச் சிறகுகளுக்கு வேண்டியது ஓடும் காற்றே. ஈரம் செய்யும் கேடு வேறு. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் உப்பு அதிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்ட நம் நகரில்) ஈரப்பதம் ஆண்டில் பெரும்பகுதி 80-ஐ ஒட்டியே இருக்கிறது. எனவே பிளக்கிலும் சுற்றுப்பலகையிலும் படிந்த உப்பு, மின்சாரம் கசியும் ஈரப்பாதையாகிறது. பச்சை பூத்த பிளக்கும் துருவேறிய எர்த் முனையும் இங்கே நாம் அன்றாடம் காண்பவை. எர்த் கம்பி இருக்கிறது என்பது போதாது; அது தொடர்பு கொடுக்கிறதா என்று மீட்டரால் பார்க்க வேண்டும்.

மழைக்கு என்ன செய்வது? பெட்டியைச் சுற்றிக் கட்டாதீர்கள்; அதன்மேல் கூரை போடுங்கள். நான்கு கழி நட்டுத் தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டினால் மழை வழியும், காற்றும் ஓடும். பெட்டியின் முதுகுக்கும் தட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பிளக்குகள் தரையில் கிடக்கவேண்டாம். ஒரு பலகைமேல் உயர்ந்து நிற்கட்டும். சாரல் பெட்டிக்குள்ளேயே அடித்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதன்பிறகு மூடுங்கள். பாட்டு நாளைக்கும் பாடலாம்.

விழாவுக்கு முன்

ஒவ்வொரு விழாவிலும் ஒருவர், ஒருவரே, மின்சாரத்துக்குப் பொறுப்பாக இருக்கட்டும். எர்த், நியூட்ரல், அழுத்தம், ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தான், பெட்டிகளின் காற்றுவழி ஆகிய ஐந்தையும் அவர் பார்த்த பிறகே மைக் மேடைக்குப் போகட்டும். “சுருக்கென்றது” என்று யாரேனும் சொன்னால் சிரிக்கவேண்டாம். உடனே மெயினை அணையுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

அன்று அந்தத் தம்பி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “இரைச்சல் இல்லாமல் நன்றாகத்தான் இருந்தது, அண்ணா” என்று சிரித்தான். அந்தச் சொல்தான் என்னை இன்றும் சுடுகிறது. கடல் கடந்து வந்த ஊரில் நம் மொழியை நாலு பேர் கேட்கப் பாடவேண்டும் என்று ஒரு பிள்ளை மைக்கைப் பிடிக்கிறான். அந்தக் கைக்கு ஊறு வராமல் காப்பதே ஒலிபெருக்கிப் பொறுப்பாளனின் முதல் வேலை. ஒலி நன்றாக இருப்பது அதற்கு அடுத்ததே. இந்த ஆண்டுப் பொங்கலுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். நான்கு பிளக்குகளிலும் எர்த் கம்பியை முதல் ஆளாகப் போய் முடுக்கினேன். இரைச்சல் கொஞ்சம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு ஒலிக்கம்பியில் அதைத் தேடிக் கண்டுபிடித்தேன்.