நிலையற்ற வேலையும் இளைஞர் மனநலமும்

வேலையின்மையைப் போலவே நிலையற்ற வேலையும் இளைஞரை வாட்டுகிறது. 2023–24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வேளாண்மை சாராத் துறைகளில் ஒழுங்கான ஊதியம் பெறுவோரிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுத்து வடிவில் ஒப்பந்தம் இல்லை.

அடுத்த மாதம் வேலை நீடிக்குமா என்று அறியாதவர் திருமணம், மேற்படிப்பு, வீட்டு வாடகை எதையும் திட்டமிட இயலாது. வேலை போய்விட்டால் மாற்று வழி தேடலாம். போய்விடுமோ என்ற அச்சமோ ஓய்வதில்லை. உறக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை இதனால் விளையக்கூடும்.

2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் திட்டத்தின்கீழ் 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம். ஆயினும் ஆலோசனை மட்டும் காரணத்தைக் களையாது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. அக்கடிதம் தொழிலாளியின் கைக்குச் சென்று சேர்வதை உறுதி செய்யும் அலுவலர், அவரது மனநலத்தையும் காக்கிறார்.