வாழ்த்து அட்டைக்கு நாமே அச்சிடும் பின்னணித் தாள்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாடிக்கையாளருக்கு வாழ்த்து அட்டை கொடுக்கும் வழக்கம் நம்மிடையே குறைந்துவிட்டது. கைப்பேசியில் ஒரே படத்தை இருநூறு பேருக்குத் தட்டிவிடுகிறோம். அவர்களுக்கும் அதுபோல் நூறு வந்திருக்கும். பார்த்தவர் எத்தனை பேரோ! பெரிய அங்காடிகளோடு எல்லாச் சரக்கிலும் விலைப் போட்டி போட மளிகைக் கடையால் ஆகாது. ஆனால் மாதப் பற்று வைத்திருக்கும் குடும்பத்தை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும். அந்தப் பெயரைக் கையால் எழுதி ஓர் அட்டை கொடுப்பது நம்மால்தான் இயலும்.

கடையில் வாங்கும் அட்டை வேண்டாம். வெள்ளை அட்டையின் முகப்பில், நாமே அச்சு ஒற்றிய மெல்லிய தாளை ஒட்டினால் போதும். அதன் மேல் வாழ்த்தை எழுதலாம். சுபச் செய்தித் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் நமக்கு, தாளுக்கு நிறம் சேர்ப்பது புதிதல்ல.

அச்சுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. சற்று முற்றிய வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கினால் பூ வடிவம் கிடைக்கும். பாதியாக நறுக்கிய வெங்காயம் வளையம் வளையமாக விழும். உருளைக்கிழங்கை வெட்டி, அதில் கரும்போ தராசோ விளக்கோ செதுக்கிக் கொள்ளலாம். எதுவானாலும் வெட்டிய முகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே சாயம் தொட வேண்டும். காய் அச்சு சில மணி நேரத்தில் சுருங்கிவிடும். ஆண்டுதோறும் வேண்டுமென்றால் ரப்பர் ஸ்டாம்பு செய்பவரிடம் படம் வரைந்து கொடுத்து ஒன்று செய்துகொள்வதே மேல்.

போஸ்டர் கலரைக் கெட்டியாகக் கரைத்து, தட்டில் மடித்து வைத்த துணியில் ஊற்றுங்கள். அச்சை அந்தத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். சாயத்தில் முக்கினால் வடிவம் அப்பிப்போகும். மஞ்சள் தூளைக் கரைத்து ஒற்றலாமே என்பார்கள். மங்களகரம்தான், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். வழவழப்பான ஆர்ட் தாளில் இந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது. மேப்லித்தோ தாள் நல்லது. கையால் செய்த தாள் இன்னும் அழகு. புதுவை அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் அத்தகைய தாள் செய்கிறார்கள். விலை கூடுதலாதலால் முக்கியமான சிலருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பலர் தவறுவது நிறத்தின் அழுத்தத்தில்தான். பின்னணி கண்ணைப் பறித்தால் எழுத்து அமுங்கிவிடும். ஆகவே சாயம் தொட்டதும் முதல் ஒற்றைக் கழிவுத் தாளில் போட்டுவிட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் நல்ல தாளில் போடுங்கள். அடியில் நாலைந்து செய்தித்தாள் விரித்தால் அச்சு முழுதாகப் பதியும். செங்கல் வரிசைபோல் ஒரு வரிக்கு ஒரு வரி பாதி தள்ளி ஒற்றுங்கள். கோணல் அவ்வளவாகத் தெரியாது. ஓரங்களில் பாதி அச்சு தாளுக்கு வெளியே போகட்டும். வெட்டி எடுத்த துணிபோல் அமையும்.

கணக்கும் எளிது. ஒரு ஏ4 தாளில் நான்கு பின்னணித் துண்டுகள். ஏ4 தடித்த அட்டையை இரண்டாக வெட்டி மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள். 200 குடும்பங்களுக்கு 50 தாள், 100 அட்டை. வீணாவதற்கு ஐந்தாறு கூடுதல். பின்னணித் துண்டைச் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் நறுக்கிவிட்டால் அட்டையின் வெள்ளை கரைபோல் தெரியும். பசையை மெல்லத் தடவுங்கள். மிகுந்தால் தாள் சுருங்கும். ஒட்டிய அட்டைகளின் மேல், மின்தராசு வந்தபின் மூலையில் கிடக்கும் எடைக்கற்களை ஓர் இரவு வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: மிஞ்சிய அச்சுத் தாளில் வடையோ வெல்லமோ மடித்துக் கொடுத்துவிட வேண்டாம். அது உணவுக்கான சாயமல்ல. செய்தித்தாளில் உணவு மடிப்பதையே 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு ஒழுங்குமுறைகள் தடுத்திருக்கின்றன.

தபாலில் அனுப்புவதைவிட, மாதச் சாமான் பையோடு கையில் கொடுப்பது உத்தமம். பற்றுச் சீட்டையும் அட்டையையும் ஒரே உறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சில மாதங்களாக வராதிருக்கும் பழைய வாடிக்கையாளர் பெயர்களையும் பேரேட்டைப் புரட்டி எடுத்து, அவர்களுக்கு முதலில் எழுதுங்கள்.