வகைப்பெயர் காட்டும் வழி

நுழையும்முன்

சேர்த்து வைத்த செய்தி, தேடுவோர் கைக்கு எட்டும்போதே பயன் தருகிறது. அதற்குத் துணைநிற்பது வகைப்படுத்தல். இணையத்தளத்தில் வகைப்பெயர்கள் எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வாறு தனித்துக் காட்டப்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வகைப்படுத்தும் மரபு

புறநானூற்றுப் பாடல்களோடு திணை, துறை பற்றிய குறிப்புகள் இடம்பெறுவதைக் காணலாம். பாடல் எவ்வகையினது என்பதை அக்குறிப்புகள் ஒரே நோக்கில் உணர்த்துகின்றன. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1931ஆம் ஆண்டு நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும் 1933ஆம் ஆண்டு கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் நான்காவதாகும். அவ்விதி இணையத்தளத்திற்கும் பொருந்தும்.

வகைமையும் குறிச்சொல்லும்

இணையத்தளங்களை உருவாக்க உதவும் மென்பொருள்களுள் ஒன்று வேர்டுபிரஸ். 2003ஆம் ஆண்டு வெளிவந்த இக்கட்டற்ற மென்பொருளில், பதிவுகளை வகைமை, குறிச்சொல் என இருவழிகளில் பகுக்கலாம். வகைமை கிளைவிடும் இயல்புடையது. 'இலக்கியம்' என்பதன்கீழ்ச் 'சங்க இலக்கியம்', 'சிற்றிலக்கியம்' முதலியன அமையலாம். குறிச்சொற்களுக்குள் இத்தகைய படிநிலை இல்லை.

வார்ப்புருவின் பணி

பதிவுகளும் வகைப்பெயர்களும் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அவை பக்கத்தில் எங்கு, எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை வார்ப்புருக் கோப்புகள் முடிவு செய்கின்றன. வகைப்பெயரைக் கேட்டுப்பெறும் கட்டளையைப் பதிவுக்குரிய வார்ப்புருவில் ஒருமுறை எழுதினால் போதும். அனைத்துப் பதிவுகளிலும் அவற்றிற்குரிய பெயர் இணைப்புடன் தோன்றும். அக்கட்டளை இல்லையெனில், பெயர் தரவுத்தளத்தில் இருந்தும் வாசகர் கண்ணுக்குப் புலப்படாது.

தனித்துக் காட்டல்

பக்கத்தின் ஓரத்தில் வகைமைகளின் பட்டியல் இருப்பதாகக் கொள்வோம். வாசகர் ஒரு வகைமையின் பக்கத்தைத் திறக்கும்போது, பட்டியலில் உள்ள அப்பெயருக்கு மென்பொருளே ஓர் அடையாளத்தைச் சேர்க்கிறது. அவ்வடையாளத்தைக் கொண்டு நடைதாள் அப்பெயரைத் தடித்த எழுத்திலோ வேறு நிறத்திலோ காட்டும்.

தனிப்பதிவின் பக்கத்தில் இவ்வடையாளம் தானாகச் சேர்வதில்லை. தேடுபொறி வழியாக நேரே பதிவிற்கு வரும் மாணவர், தாம் எப்பகுதியில் இருக்கிறோம் என்பதை அறிய இயலாது. இக்குறையை வார்ப்புருவிலேயே களையலாம். முதலில் அப்பதிவின் வகைமைகளைப் பெற வேண்டும். பின்னர்ப் பட்டியலின் ஒவ்வொரு பெயருடனும் ஒப்பிட்டு, பொருந்துவதற்கு அடையாளம் இட வேண்டும். ஒப்பிடுவதற்குப் பெயரைவிட அடையாள எண்ணே ஏற்றது. 'மாணவர் படைப்பு', 'ஆசிரியர் படைப்பு' ஆகிய இரண்டின்கீழும் 'கட்டுரை' என்னும் ஒரே பெயர் அமையக்கூடும். எண்ணோ ஒவ்வொன்றிற்கும் தனியானது.

அனைவருக்குமான வடிவமைப்பு

நிறத்தை மட்டும் நம்பித் தனித்துக் காட்டுதல் கூடாது. நிறக்குறைபாடு உடையோர்க்கு அவ்வேறுபாடு தெரியாமற் போகலாம். தடித்த எழுத்து, அடிக்கோடு ஆகியவற்றையும் சேர்த்தல் நன்று. இயல்பான அளவுள்ள எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்னும் ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பட்டியலில் பல பெயர்களை ஒருங்கே மிகைப்படுத்திக் காட்டினால், எதுவும் தனித்துத் தோன்றாது.

பெயரிடுவோர் பொறுப்பு

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கும் தளம் ஒன்றில், சில பாடல்கள் 'தாலாட்டு' என்றும் சில 'தாலாட்டுப் பாடல்' என்றும் வகைப்படுத்தப்பட்டால், ஓரினப் பாடல்கள் ஈரிடத்தில் பிரிந்துவிடும். முதற்பட்டியலை மட்டும் காண்பவர், எஞ்சிய பாடல்கள் இல்லையென்றே எண்ணுவார். வார்ப்புரு, இட்ட பெயரைக் காட்டவே வல்லது. பெயரைப் பொருந்த இடுவது தொகுப்பாளர் கடமை.