தடங்கல் தாயமும் நீரியல் தொங்கல் அமைப்பும்

மோட்டார் வாகனத்தின் தொங்கல் அமைப்பை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு சில்லையும் அதன்மேல் அமர்ந்த காற்பங்கு உடலையும் மாத்திரம் வரைந்துகொண்டு கணிக்கத் தொடங்குவர். சில்லுகள் திரவத்தால் பிணைக்கப்பட்ட வாகனங்களுக்கு இம்முறை போதாது. முன்சில்லு மேடேறும்போது பின்சில்லின் அறையிலும் அமுக்கம் மாறுகிறது. தனிச்சில்லுப் படம் இதனைக் காட்டுவதில்லை.

1962 இல் வெளிவந்த மொறிஸ் 1100 ஐ எடுத்துக்கொள்வோம். அலெக்ஸ் மோல்ற்றன் வகுத்த அதன் அமைப்பில், ஒரே பக்கத்து முன், பின் அலகுகளை ஒரு குழாய் இணைத்தது. வில்லாகப் பயன்பட்டது இறப்பர். இடையே ஓடியது உறைதலைத் தடுக்கும் பொருள் கலந்த நீர்.

மின்சுற்றில் அழுத்தவேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுக்கத் தடங்கல் கிடைப்பதுபோல, இங்கு அமுக்கத்தைப் பாய்ச்சல் வீதத்தால் வகுக்கலாம். பாகுநிலை தடையாகவும், குழாய்த் திரவத்தின் சடத்துவம் தூண்டமாகவும், இறப்பரின் நெகிழ்வு கொள்ளளவமாகவும் அமைகின்றன. அறைகள் இரண்டாதலால் இரு நிரையும் இரு நிரலும் கொண்ட தாயம் வேண்டும். மூலைவிட்ட மூலகங்கள் ஓர் அறையிற் புகும் பாய்ச்சல் அவ்வறையிலேயே எழுப்பும் அமுக்கத்தைக் கூறும். ஏனையவை அயலறையில் எழுவதைக் கூறும். முன்னும் பின்னும் ஒத்தவை எனக் கொண்டால், உடல் மேலுங்கீழுமாக அசைகையில் இவ்விரண்டின் கூட்டுத்தொகையும், முன்பின்னாக ஆடுகையில் வித்தியாசமும் செயற்படுகின்றன.

கூட்டுத்தொகையிற் குழாய் இடம்பெறுவதேயில்லை. இரு அறைகளிலும் அமுக்கம் சமமாக உயர்வதால் குழாயில் ஓட்டமில்லை, இறப்பரே தாங்குகிறது. வித்தியாசத்திலோ, தாழ்ந்த மீடிறனில் இறப்பரின் விறைப்பு ஏறத்தாழ மறைந்து குழாயின் தடையே எஞ்சுகிறது. முன்பின் ஆட்டத்தை அடக்க அவ்வாகனத்தின் பின்புறத்தில் முறுக்குத் தண்டுகள் தனியே வேண்டியிருந்தமை இதனால் விளங்கும். உயர் மீடிறனிற் சடத்துவம் குழாயை அடைத்ததுபோலாக்குகிறது. இடையில் சடத்துவமும் இறப்பரும் பரிவுறும் மீடிறன் ஒன்றுண்டு. தடை சிறிதாயின், மென்மைக்கென வைத்த குழாய் அவ்விடத்திற் குழாயே இல்லாத நிலையினும் கூடிய விறைப்பைத் தரும். அகன்ற குழாய் இதற்கு மருந்தாகுமென எண்ணுதல் தவறு. விட்டத்தை இரட்டித்தால், அருவிக்கோட்டு ஓட்டத்தில் தடை 16 இல் ஒரு பங்காகிறது; சடத்துவமோ 4 இல் ஒரு பங்காகவே குறைகிறது. பரிவு மீடிறன் இருமடங்காகும், உச்சமும் கூர்மையடையும்.

கட்டுப்பாடு என்பது இம்மூலகங்களை ஓடும்போதே மாற்றுவதாகும். 1989 இல் வந்த சித்ரோயன் எக்ஸ்.எம். வாகனத்தில் ஒவ்வோர் அச்சுக்கும் மேலதிகமாக ஒரு நைதரசன் கோளம் இருந்தது. சுக்கானின் திருப்பம், தடுப்பு, வேகம் ஆகியவற்றை அறிந்து மின்னணுக் கருவியொன்று அக்கோளத்தை விலக்கும். அப்போது இடவல அறைகளைப் பிணைக்கும் மூலகங்கள் சுழியாகி, வளைவில் உடல் சாய்வது குறைகிறது. வால்வை இயக்கச் சிறிது வலுவே போதும் என்பதால் இவ்வழியை நாம் சிக்கனமானதெனக் கருதுகிறோம். பம்பியால் விசையூட்டும் முறையில் தாயம் சமச்சீரை இழக்கவும் கூடும். உறுதிநிலையைத் தனியே சோதிக்கவேண்டும்.

துவாரத் தணிப்பானில் அமுக்க வீழ்ச்சி பாய்ச்சலின் வர்க்கத்தோடு மாறுவதையும், பெரிய அசைவில் வாயு நேர்விகிதம் பேணாமையையும் இத்தாயம் அறியாது. சமநிலைக்கு அண்மையான சிறு அசைவுகளே அதன் எல்லை. பெருங்குழியில் விழும் சில்லுக்கு, காலத்தோடு படிப்படியாகச் சமன்பாடுகளைத் தீர்த்துச் செல்லும் முறையையே நாடவேண்டியுள்ளது.