முடுக்கம் மாறும் கணம்

திடீர் அசைவுகளைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம்: ஜெர்க், ஜோல்ட், லர்ச், ஜவுன்ஸ், ஸ்னாப். பேச்சில் இவற்றில் எதை எங்கே போட்டாலும் பெரிய பிழையில்லை. இயற்பியலோ சிலவற்றைப் பிடித்து ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டது. திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம் என்பதோடு பள்ளிப் பாடம் நின்றுவிடும். அந்த முடுக்கம் மாறும் வீதத்துக்குப் பெயர் ஜெர்க். சிலர் ஜோல்ட் என்பார்கள். ஜெர்க் மாறும் வீதம் ஸ்னாப். ஜவுன்ஸ் என்பதும் அதுவே. ஒவ்வொரு வினாடிக்கும் முடுக்கம் எத்தனை மீ/வி² மாறுகிறது என்பதுதான் ஜெர்க்கின் கணக்கு. எனவே அதன் அலகு மீ/வி³.

இந்த அளவு எதற்கு என்பதை பிரேக் பிடிக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும் எவரும் உணரலாம். பிரேக் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் உடல் முன்னால் சாயப் பார்க்கிறது. கம்பியைப் பிடித்துச் சமாளித்துவிட முடிகிறது. பஸ் முழுதாக நின்ற அந்தக் கணத்தில்தான் உடல் பின்னால் தூக்கிப் போடப்படுகிறது. வேகம் குறைந்துகொண்டிருந்தபோது தாங்கிய உடல், எல்லாம் ஓய்ந்த பிறகு ஏன் தடுமாற வேண்டும்?

விடை தசைகளில் இருக்கிறது. பஸ்ஸின் வேகம் சீராகக் குறையும்போது உடலுக்குள் கயிறு இழுக்கும் போட்டி ஒன்று நடக்கிறது. ஒரு பக்கம் உடலை முன்னால் சாய்க்கும் நிலைமம். மறுபக்கம் கெண்டைக்கால், முதுகு, தோள் தசைகள். இரண்டும் சமமாக இழுக்கும்வரை கயிறு நகராது. இழுப்பு பலமாக இருந்தாலும் ஆள் நிலையாகவே நிற்பார். சக்கரம் நின்றதும் எதிரணி சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை விட்டுவிடுகிறது. தசை அணி தன் பலத்தாலேயே பின்னால் விழுகிறது. பலமாக இழுத்த அணி பலமாக விழும். கயிறு விடப்பட்ட சேதி பின்வரிசைக்கு எட்டுவதற்கு நேரம் வேறு ஆகிறது. தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் வினாடியில் நூறில் சில பங்குகளுக்குள் விழித்துக்கொள்ளும். மூளை தலையிட்டு உடலை நிமிர்த்த வினாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தேவை. போட்டி அதற்குள் முடிந்துவிடுகிறது. அமுங்கியிருந்த முன்சக்கரச் சுருள்வில்கள் அதே நொடியில் விரிந்து வண்டியையே பின்னால் ஆட்டுவது கூடுதல் தொல்லை.

எண்களில் பார்த்தால், 2 மீ/வி² அளவில் வேகம் குறைந்துகொண்டிருந்த பஸ் நிற்கும்போது, அந்த 2 என்பது 0.1 வினாடிக்குள் சுழியமானால் ஜெர்க் 20 மீ/வி³. ஒரு வினாடி எடுத்துக்கொண்டால் வெறும் 2. தேர்ந்த ஓட்டுநர் கடைசி நேரத்தில் பிரேக்கை மெல்லத் தளர்த்துவது இதற்காகத்தான். வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்கு வந்த பின் பிரேக்கின் இழுப்பைச் சீராகக் குறைத்துக்கொண்டே வந்தால் வண்டி 33 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். அப்படியே அழுத்திப் பிடித்திருந்தால் 25 சென்டிமீட்டர். அரை வினாடியும் 8 சென்டிமீட்டரும் விட்டுக்கொடுத்தால் நின்றுகொண்டிருப்பவர் தடுமாறாமல் இறங்கலாம். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் சுகம் இயந்திரவியலில் அதிகமில்லை.

கார் விளம்பரங்கள் இந்த எண்ணைத் தொடுவதே இல்லை. சுழியத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை வினாடி என்று பெருமையோடு அச்சிடுகிறார்கள். அது சராசரி முடுக்கத்தைத்தான் சொல்லும். கழுத்துக்குத் தெரிய வேண்டியது அந்த முடுக்கம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பது.

ரயில்பாதை அமைப்பவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நேர்ப்பாதையில் வரும் ரயில் 400 மீட்டர் ஆரமுள்ள வட்டவில்லில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் 1 மீ/வி². நேர்கோட்டை வட்டத்தோடு நேரடியாக ஒட்டிவிட்டால் அந்த முடுக்கம் எடுத்த எடுப்பில் வந்து மோதும். இடையில் வளைவு சிறிது சிறிதாகக் கூடும் 40 மீட்டர் துண்டு ஒன்றைச் சேர்த்தால் அது 2 வினாடியில் வந்து சேரும், ஜெர்க் 0.5. வெளித் தண்டவாளத்தை உயர்த்தும் வேலையும் அதே துண்டில் படிப்படியாக நடக்கும்.

வரலாறு சுருக்கமானது. வளைவு சீராகக் கூடும் அந்தக் கோட்டை மீள்தன்மையுள்ள பட்டைகளை ஆராய்ந்தபோது 1694இல் ஜேக்கப் பெர்னூலி தொட்டார். 1744இல் ஆய்லர் விவரித்தார். ரயில் அப்போது பிறக்கவில்லை. அமெரிக்கப் பொறியாளர் ஆர்தர் டால்பாட் 1890இல் ரயில்பாதைக்காக அதைத் தானாகவே கண்டெடுத்தார். ரோலர் கோஸ்டருக்கு அது வந்து சேர இன்னும் நாளாயிற்று. 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஓடிய ஃபிளிப் ஃபிளாப் வண்டியின் வளையம் வட்டமானது; ஏறியவர்களின் கழுத்தை அது பதம் பார்த்தது. 1976இல் கலிஃபோர்னியாவில் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் ஆய்லர் வளைவைக் கொண்டு வடிவமைத்த வளையம்தான் இன்றைய முன்மாதிரி.

மனிதக் கையும் ஜெர்க்கைத் தவிர்ப்பதுபோலவே இயங்குகிறது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கையை நீட்டும்போது, பயணம் முழுவதற்குமான மொத்த ஜெர்க் மிகக் குறைவாக இருக்கும் பாதையை எடுத்துக்கொண்டால், அது உண்மையான கையசைவோடு நெருங்கி ஒத்துப்போவதை 1985இல் டமார் ஃபிளாஷும் நெவில் ஹோகனும் காட்டினார்கள். மூளை உட்கார்ந்து ஜெர்க்கைக் கணக்கிடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. அசைவை நன்றாக விவரிக்கும் சூத்திரம் இது, அவ்வளவே. நான்கு சுழலி கொண்ட ட்ரோன்களுக்கு இன்னொரு படி மேலே போக வேண்டும். ட்ரோன் சாய்ந்தால்தான் பக்கவாட்டில் நகரும்; சாய்க்கும் முறுக்குவிசை ஸ்னாப்போடு தொடர்புடையது. ஆகவே 2011இல் டேனியல் மெல்லிங்கரும் விஜய் குமாரும் ஸ்னாப்பைக் குறைக்கும் பாதைகளை வகுத்தார்கள். அதற்கு அடுத்த இரண்டு படிகளுக்கு கிராக்கிள், பாப் என்று பெயர். ஸ்னாப்போடு சேர்ந்து கெல்லாக்ஸ் நிறுவனத்தின் அரிசிப்பொரி விளம்பரத்தில் வரும் மூன்று குட்டிப் பாத்திரங்களின் பெயர்கள் அவை. அந்த இரண்டுக்கும் வேலை இன்னும் குறைவுதான்.

ஜெர்க் அண்டவியலுக்கும் போயிருக்கிறது. பிரபஞ்ச விரிவின் வேகம் முதலில் குறைந்து, சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முன் கூடத் தொடங்கியது. தொலைதூர சூப்பர்நோவாக்களைக் கொண்டு ஆடம் ரீஸ் குழு இதைக் காட்டியபோது செய்தித் தலைப்புகள் ‘காஸ்மிக் ஜெர்க்’ என்று எழுதின. பிரபஞ்சம் ஒருநாள் குலுங்கியது போன்ற எண்ணத்தை அது விதைத்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. விரிவின் முடுக்கம் எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கு மிக மெதுவாக நகர்ந்தது. அந்த மாற்றம் பல நூறு கோடி ஆண்டுகள் நீண்டது. முடுக்கம் எவ்வளவு மெல்ல மாறினாலும் ஜெர்க் என்ற அளவு உண்டு. அண்டவியலாளர்களுக்கு அதன் பயன் வேறு: விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் மாறாதது, வெளி தட்டையானது என்றால் ஜெர்க் அளவுரு 1 என்றே நிற்க வேண்டும். அதிலிருந்து விலகல் தெரிந்தால் அந்த இரண்டு ஊகங்களில் ஒன்றாவது தவறு.