விளையாட்டா, படிப்பா? விஜய் அமிர்தராஜின் தாயார் காட்டிய வழி

தெலுக் பங்லிமா காராங்: தோட்டத்துத் திடலிலும் தாமான் பூப்பந்து மண்டபத்திலும் மாலை நேரத்தில் மட்டையோடு நிற்கும் நம் பிள்ளைகளை இவ்வட்டாரத்தில் பார்க்கலாம். படிவம் நான்கு, ஐந்து என்று வந்ததும் அவர்களில் சிலர் திடல் பக்கமே வருவதில்லை. "எஸ்.பி.எம். வருது, விளையாட்டு சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்டுவிடுகிறார்கள்.

நியாயமான கேள்விதான். விளையாட்டையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கலாம். சென்னையில் பிறந்து உலக அரங்கில் ஆடிய டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் வாழ்க்கை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நோயாளிப் பிள்ளை

1953 டிசம்பர் 14-ஆம் தேதி பிறந்த விஜய், சிறு வயதில் நுரையீரல் கோளாற்றால் அடிக்கடி மருத்துவமனையில் கிடந்தவர். வெளிக்காற்றில் ஓடி ஆடினால் உடம்பு தேறும் என்பதால்தான் அவர் கையில் மட்டை கொடுக்கப்பட்டது.

மகன் பள்ளிக்குப் போக முடியாத நாள்களில் தாயார் மேகி அமிர்தராஜ் தாமே வகுப்பில் போய் அமர்ந்து பாடக் குறிப்புகளை எழுதிக்கொள்வார். பிறகு மருத்துவமனைக்கு வந்து மகனுக்குச் சொல்லிக் கொடுப்பார். இத்தனைக்கும் அவர் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையைச் சொந்தமாக நடத்தி வந்தவர். அண்ணன் ஆனந்த், தம்பி அசோக் உட்பட மூன்று பிள்ளைகளும் டென்னிஸ் ஆடினார்கள். ஆட்டத்துக்காகப் படிப்பையோ, படிப்புக்காக ஆட்டத்தையோ அந்த வீட்டில் கைவிடவில்லை.

வெற்றியும் இழப்பும்

1973-இல், 19 வயதில், விஜய் விம்பிள்டனிலும் அமெரிக்கப் பொது டென்னிஸ் போட்டியிலும் காலிறுதிக்குச் சென்றார். அமெரிக்காவில் அவரிடம் தோற்றவர்களில் மாபெரும் ஆட்டக்காரர் ராட் லேவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அதே போட்டியில் பியார்ன் போர்க்கை வென்றார். 1980-இல் உலகத் தர வரிசையில் 18-ஆவது இடத்தைப் பிடித்தார்.

ஆனால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நாள்களும் உண்டு. 1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களையும் வென்ற பிறகு, ஐந்து செட் போராட்டத்தில் தோற்றார். 1974-இல் டேவிஸ் கிண்ண இறுதிச்சுற்றுக்கு இந்தியா தகுதி பெற்றது. எதிரணி தென்னாப்பிரிக்கா. அங்கு நிலவிய நிறவெறி ஆட்சியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கிண்ணம் ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. மீண்டும் இறுதிச்சுற்றுக்கு வர 13 ஆண்டுகள் ஆயின. 1987-இல் சுவீடனிடம் இந்தியா தோற்றபோது விஜய்க்கு வயது 34. டேவிஸ் கிண்ணம் அவர் கைக்கு வரவே இல்லை.

தொழில்முறை டென்னிஸ் என்றால் என்ன?

பலரும் கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இதில் மாதச் சம்பளம் இல்லை. முதலாளி கட்டும் இபிஎஃப் இல்லை. புதிதாக வரும் ஆண் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டாலராக இருக்கும் சிறு போட்டிகளில் தொடங்குகிறார்கள். அந்தத் தொகையை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது விமான டிக்கெட்டுக்கே போதாது. தங்கும் செலவு, பயிற்றுநர் செலவு, மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் தனி.

கடைசி 52 வாரங்களில் எடுத்த புள்ளிகளை வைத்தே தர வரிசை கணக்கிடப்படுகிறது. காயம் பட்டு மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தால் பழைய புள்ளிகள் கழிந்துகொண்டே போகும். இடமும் சரியும். முப்பத்தைந்து வயதுக்குள் பலருக்கு ஆட்டம் முடிந்துவிடும். வாழ்க்கை முடியாதே!

ஆட்டத்துக்குப் பிறகு

தாயார் எழுதி வந்த பாடக் குறிப்புகளின் பலன் இங்கேதான் தெரிகிறது. விஜய்க்குப் பேசத் தெரிந்தது. மற்றவர்களை வழிநடத்தத் தெரிந்தது. தொலைக்காட்சி வருணனையாளராக உலகம் முழுவதும் அறியப்பட்டார். 1983-இல் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றிலும் நடித்தார். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1985-இல், சென்னையில் இளையோருக்கான டென்னிஸ் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். 2001-இல் ஐக்கிய நாடுகள் சபையின் அமைதித் தூதரானார்.

2024 ஜூலையில் அனைத்துலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. இந்தச் சிறப்பு அவருக்கு ஆட்டக்காரர் பிரிவில் கிடைக்கவில்லை. பங்களிப்பாளர் பிரிவில்தான் கிடைத்தது. அன்று அவரோடு ஆட்டக்காரர் பிரிவில் சேர்க்கப்பட்டவர் லியாண்டர் பயஸ். விஜய்யின் சென்னைப் பயிற்சித் திட்டத்தில் சிறுவனாக வந்து சேர்ந்தவர் அவர். ஆசியாவிலிருந்து அந்த மண்டபத்துக்குள் நுழைந்த முதல் ஆண்கள் இந்த இருவரே என்பது குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டிலும் உண்டு

வேறு நாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை. கெடாவைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். 2022-இல் கார் விபத்தில் படுகாயமடைந்து காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டார். மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார்.

எல்லாப் பிள்ளையும் சிவசங்கரி ஆகிவிட முடியாது. ஆனாலும் மட்டையைப் பரணில் தூக்கிப் போடுவதற்கு முன் பெற்றோர் ஒன்றை நினைவில் கொள்ளலாம். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் வழங்கப்படுகிறது. திடலில் ஆடிய ஆட்டமும் அதில் சேரும்.

விளையாட்டு சோறு போடுமா என்ற கேள்விக்கு, எல்லாருக்கும் போடாது என்பதே நேர்மையான பதில். அதனால்தான் ஆடும் பிள்ளைக்குப் படிப்பும் வேண்டும். விளையாட்டா, படிப்பா என்று பிள்ளையிடம் கேட்பதை விட்டு, இரண்டையும் சேர்த்துச் செய்ய வீட்டில் யார் துணை நிற்பது என்று பேசினால் நல்லது. மேகி அமிர்தராஜ் வகுப்பறையில் போய் அமர்ந்தார். இங்கே அது வாரத்தில் இரண்டு மாலை பயிற்சிக்கு மோட்டாரில் கொண்டுபோய் விட்டு, இரவில் பாடப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருவதாக இருக்கலாம்.